ஐம்பது வருடத்துக்கு முந்திய இன்றைய செய்தி

எப்படி இருக்கிறீர்கள் என்று அவரிடம் மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் தொலைந்தோம். "மேற்கு முனையில இடது முழங்கால் பின்வாங்குது. கிழக்கு முனையில ரெண்டு பல்லு போயிட்டுது, மூண்டாவது இன்னும் தாக்குப்பிடிக்குது. வயிறு நடுநிலை" என்று ஒன்று விடாமல் ஒப்புவிப்பார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது. ஒரு மரியாதைக்குக் கேட்டுவைத்தவர் பேருந்தைத் தவறவிட்டு, பனியில் காலை மாற்றி மாற்றி உதறிக்கொண்டு நிற்பார்.

எல்லாப் போர்முனையும் சொன்னால்தான் அது செய்தி, ஒரு முனையை விட்டால் அது வதந்தி என்பது அவருடைய கொள்கை. வீட்டுக்காரன் சூடாக்கியை நிறுத்திய கதையையும், தெரு மூலையில் தெப்பனேர் என்கிற சில்லறைக் கடையில் பால் முடிந்துபோன கதையையும் அதே கொள்கைப்படிதான் எங்களுக்கு அறிவித்தார். கேட்டு முடிப்பதற்குள் பாலில்லாத தேநீர் ஆறிவிடும்.

கனடாவில், மொன்றியல் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தில் பாதிக்குப் பாதி யாழ்ப்பாணத்து ஆட்கள். நான் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்திருந்தது, ஆங்கிலமும் ஓரளவு வரும். அதனால் கட்டடத்தின் படிவம் நிரப்பும் உத்தியோகம் கேட்காமலே என் தலையில் விழுந்தது. அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். ஊரில் இருபத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு காலையும் முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றிவைப்பதுதான் தன் முதல் கடமை என்று பெருமையாகச் சொல்வார். மொன்றியலில் அவருடைய கடமை, அந்தத் தீவு நகரத்தின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைப்பது. மெத்ரோவும் பேருந்தும் மாறி மாறிப் பிடித்து ஒன்றரை மணி நேரம் போகவேண்டும்.

மனைவியும் பத்து வயது மகளும் ஊரில் இருந்தார்கள். இங்கே அவரை அகதியாக ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். மறுத்தால் அவரைத் திருப்பி அனுப்புவார்கள். அவருடைய வாழ்க்கையில் நடக்கவேண்டியிருந்தது இந்த ஒன்றுதான். ஆனால் அதைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. திறந்தால் வருவதெல்லாம் இரண்டாம் உலகப்போர்.

அதற்குக் காரணம் ஒரு புத்தகம். இல்லத்தில் இருந்த பழைய கனடியச் சிப்பாய் ஒருவர், தனக்குப் பார்வை மங்கிவிட்டது என்று சொல்லிக் கொடுத்தது. செங்கல்லைவிடக் கனம். போர் நடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். அன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் எந்தப் படை எந்த ஆற்றைக் கடந்தது, எந்தக் கப்பல் மூழ்கியது, எல்லாம் இருக்கும். அதில் அந்தந்தத் தேதிக்குரிய பக்கத்தை, சரியாக ஐம்பது வருடம் பிந்தி, இவர் எங்களுக்கு வாசித்தார். வாசிப்பது மாலை ஏழு மணிக்கு, கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களுக்கு முன்னால்.

இடத்தேர்வில் மனுசன் படுகெட்டிக்காரர். இயந்திரத்துக்குள் காசையும் உடுப்பையும் போட்டவன் நாற்பது நிமிடத்துக்கு எங்கே ஓடுவான்? உலகப்படத்தைக் கொடியில் உடுப்புக் கவ்விகளால் மாட்டுவார். நீலக் கவ்வி நேசநாடுகள், சிவப்புக் கவ்வி எதிரணி. ஒருநாள் யாரோ அவசரத்துக்கு இரண்டு சிவப்புக் கவ்வியைப் பிடுங்கி, இடுப்பில் கட்டும் சாரத்தைக் காயப்போட்டுவிட்டார்கள். ஜெர்மானியர் காரணமில்லாமல் நோர்வேயைக் காலிசெய்தார்கள். அவர் சாரத்தின் சொந்தக்காரனைக் கண்டுபிடித்து, நோர்வேயை மீட்டபிறகுதான் அன்றைய செய்தியைத் தொடங்கினார்.

கேட்க வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சோற்றுக் கடையில் கோப்பை கழுவுகிறவர்கள், பீட்சா பெட்டி மடிக்கிறவர்கள், எல்லோரும் ஒரே மாதத்தில் தளபதிகளாகிவிட்டார்கள். ரஷ்யன் இந்தப் பக்கத்தால் வளைத்திருக்கவேண்டும் என்று ஒருவர் சொல்ல, அமெரிக்கனுக்குக் குளிர் தெரியாது என்று இன்னொருவர் எதிர்க்க, சோப்பு நுரைக்கு மேலால் பெரிய யுத்த மந்திராலோசனை நடக்கும். மூன்றாம் மாடியில் சென்னைக்காரப் பொறியியலாளர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பர்மா முனைதான் உயிர். "என்ன சார், நேதாஜி படையைப் பத்தி மூணு நாளா ஒண்ணுமே சொல்லல?" என்று குறைப்படுவார். புத்தகத்தில் இல்லாததைத் தன்னால் வாசிக்க முடியாது என்று இவர் கறாராகச் சொல்லிவிடுவார். பொறியியலாளர் கோபித்துக்கொண்டு ஈர உடுப்போடு மேலே போவார். அடுத்தநாள் ஏழு மணிக்கு உலர்ந்த உடுப்போடு வந்து திரும்பத் தோய்ப்பார்.

இதெல்லாம் வேடிக்கைதான். எனக்கு ஆத்திரம் வந்தது வேறு இடத்தில். நாங்கள் எல்லோரும் ஒரு போரைவிட்டு ஓடிவந்த ஆட்கள். அது அங்கே நடந்துகொண்டிருந்தது. யாருக்காவது கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தால் நிலவறைக்கு ஓடிவந்துதான் சொல்வார்கள்: இன்ன இடத்தில் குண்டு போட்டார்களாம், இன்ன சந்தியில் இத்தனை பேராம். அந்த நேரத்தில் மனுசன் புத்தகத்தில் விரலை வைத்து மூடி, பொறுமையாகக் காத்திருப்பார். சொன்னவர் முடித்ததும், "சரி, அதையும் வாசிக்கலாம். ஐம்பது வருசம் பொறுங்கோ" என்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மனைவி பிள்ளை இருக்கும் இடத்துச் செய்தி அண்ணை, ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இத்தாலி முனையில் இன்று மழை என்றார். கல்நெஞ்சன் என்று அன்றைக்கு நான் முடிவுகட்டினேன். இரண்டு நாள் தெருவில் கண்டும் காணாததுமாகப் போனேன்.

ஒரு கோடை விடுமுறையில் அவரே என்னை அந்த முதியோர் இல்லத்தில் இரண்டு வாரம் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அங்கே பார்த்ததையும் சொல்லவேண்டும். தேநீர் இடைவேளையில் அண்ணை அந்தப் பழைய சிப்பாயின் கட்டிலருகே உட்கார்ந்து, அன்றைய பக்கத்தைத் தன் யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில் வாசிப்பார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒருநாள் எல்லா முனையும் முடிந்ததும், அன்றைக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று இவர் ஆவலோடு கேட்டார். தெரியாது, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு இருந்திருப்பேன், காலில் கொப்புளம் என்றார் கிழவர். இவருக்குப் பெரிய ஏமாற்றம். போரில் நின்ற மனிதருக்குப் போரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று பேருந்தில் வீடுவரும் வரைக்கும் என்னிடம் குறைப்பட்டார்.

இனி என் பிழைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுதுவது அழகல்ல.

அவருடைய அகதிப் படிவத்தை நிரப்பியவன் நான். தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள் காலை படிவத்தோடு அவர் அறைக்குப் போனேன். மனுசன் தலைமுழுகி, வேட்டி கட்டி, சமைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருடைய தகப்பனாரின் திவசம். பல்கனியில் காகத்துக்கு வைத்த சோற்றை ஒரு கொழுத்த அணில் வந்து தின்றது. "பரவாயில்லை, எங்கட ஐயா இந்த நாட்டுக்கு என்ன விசாவில வந்தாரோ" என்றார். வடையைத் தின்றுகொண்டே நான் கேள்விகளைக் கேட்டேன். இராணுவம் ஊருக்குள் வந்த அன்று தகப்பனார் ஷெல் விழுந்து செத்துப்போனார் என்பதுதான் கோரிக்கையின் அடிப்படை. அது எந்தத் தேதி என்றேன். அவர் அடுப்பைப் பார்த்தபடி, "இண்டையோட ஐஞ்சு வருசம்" என்றார். நான் அன்றைய தேதியையே எடுத்து ஐந்து வருடம் பின்னுக்குத் தள்ளி எழுதினேன். அவர் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எனக்கு இன்னும் இரண்டு வடை கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து விசாரணைக்குத் தேதி வந்தது. கட்டடமே அவரைத் தயார்படுத்தியது. தலைமைப் பயிற்சியாளர் யாரென்றால், மூன்று தரம் நிராகரிக்கப்பட்டவர். அவரளவு விசாரணை பார்த்தவர் எங்களில் யாருமில்லை. கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும், அதிகம் பேசக்கூடாது, அழுகை வந்தால் அடக்கவேண்டாம் என்று பாடம் நடந்தது. பீட்சா பெட்டி மடிக்கிறவர் ஒருவர் நீதிபதியாக நடித்து உறுமினார். அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஏழு மணியானதும், மன்னிக்கவேணும், நேரமாச்சு என்று புத்தகத்தைத் திறந்தார்.

விசாரணை நாள் ஜூன் இருபத்திரண்டு, தொண்ணூற்றுநாலு. நான் துணைக்குப் போனேன். நான் தாள்கள் இருந்த பையை மூன்று தரம் திறந்து பார்த்தேன். அவரோ மெத்ரோவில் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு நாள் லேசில் வராது என்றார். நாற்பத்துநாலாம் ஆண்டு இதே நாளில் எல்லா முனையும் ஒரே நேரத்தில் அசைந்ததாம். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது.

விசாரணை அறை சின்னது. அதிகாரி மெலிந்த மனிதர், முன்னால் கட்டுக் கட்டாகக் கோப்புகள். அண்ணைக்குப் பக்கத்தில் அவருடைய வழக்கறிஞர் அம்மா, மறுபக்கம் மொழிபெயர்க்கத் தமிழ்ப் பெண் ஒருவர். நான் பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். வழக்கறிஞர் கேட்டு அனுமதி வாங்கித் தந்திருந்தார்.

தகப்பனார் இறந்த தேதியை அதிகாரி கேட்டார். அண்ணை தயங்காமல் சொன்னார். அதிகாரி படிவத்தைப் பார்த்தார், ஏதோ அறிக்கையைப் பார்த்தார், மறுபடியும் படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் இருந்தது ஐந்து நாள் பிந்திய தேதி. அந்தத் தேதியில் இராணுவம் அந்த ஊரைத் தாண்டிப் போய்விட்டது என்று அறிக்கை சொன்னது. இப்போது சொல்லும் தேதி அறிக்கையோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது, இந்த இரண்டு வருடத்தில் சரியான தேதியை யாரோ உங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள்போல என்றார் அதிகாரி, குரலை உயர்த்தாமலே.

வழக்கறிஞரின் முகம் செத்துவிட்டது. வடை, அணில், அடுப்பு எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கியது. நாங்கள் திவசத்தைத் திதி பார்த்துக் கொடுக்கிறவர்கள். திதி ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது, ஒவ்வொரு வருடமும் முன்னுக்கோ பின்னுக்கோ நகரும். நான் எழுதியது தகப்பனார் செத்த தேதியல்ல, நான் வடை தின்ற தேதி. எழுந்து நின்று, பிழை என்னுடையது என்று கத்திவிட்டேன். நீங்கள் சாட்சி அல்ல, உட்காருங்கள் என்றார் அதிகாரி.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. பிறகு அதிகாரியிடம் திதி என்றால் என்ன என்று நிதானமாக விளக்கத் தொடங்கினார். அதிகாரிக்கு ஏறவில்லை. உங்கள் தகப்பனார் ஒவ்வொரு வருடமும் வெவ்வேறு தேதியில் சாகிறாரா என்று கேட்டார்.

"சந்திரன் அதே இடத்திலதான் வந்து நிக்குது, ஐயா. கலண்டர்தான் ஓடித் திரியுது" என்றார் அண்ணை. "நோர்மண்டிக்குப் போன ஜெனரல்மாரும் சந்திரனைப் பாத்துத்தான் நாள் குறிச்சவை. அண்டைக்குப் பௌர்ணமி."

இரண்டு வாரத்துக்கு முன்புதான் நோர்மண்டித் தரையிறக்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவை ஊர் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. அதிகாரியும் பார்த்திருப்பார்போல. பேனாவைக் கீழே வைத்தார். வழக்கறிஞர் இதுதான் சமயம் என்று, கையொப்பத்துக்குக் கீழே உள்ள தேதியைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். அதிகாரி தாள்களைப் புரட்டினார். படிவத்தில் கையெழுத்திட்ட நாளும் மாதமும், தகப்பனார் செத்ததாக எழுதியிருந்த நாளும் மாதமும் ஒன்று. இரண்டு தேதியிலும் அவர் விரலை வைத்துப் பார்த்தார்.

பிறகு, உங்களுக்குப் பழைய போரில் இவ்வளவு தெரியுமா, இன்றைய தேதியில் என்ன நடந்தது என்று கேட்டார். சோதனையோ விளையாட்டோ தெரியவில்லை. கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். அண்ணை கதிரையில் நிமிர்ந்தார். மேற்கு முனையில் அமெரிக்கர் ஷெர்பூர் துறைமுகத்தைத் தாக்குகிறார்கள். கிழக்கு முனையில் ரஷ்யர் பெலாரஸில் பெருந்தாக்குதலைத் தொடங்குகிறார்கள். இம்பால் முற்றுகை உடைந்து கோகிமா வீதி திறக்கிறது. சைப்பான் தீவில் சண்டை ஓயவில்லை. இத்தாலி, சீனா, எதையும் விடவில்லை. மொழிபெயர்த்த பெண் வியர்த்துப்போனார். ஒரு மனிதனை நாட்டில் வைத்திருப்பதா அனுப்புவதா என்று தீர்மானிக்கும் அறையில் பத்து நிமிடம் உலகப்போர் நடந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். இனி அனுப்பத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அதிகாரி முழுவதையும் கேட்டார். "நல்லது. இனி உங்கள் தகப்பனார் இறந்த நாளை இதே மாதிரிச் சொல்லுங்கள். எல்லா முனையும்" என்றார்.

அண்ணை வாயைத் திறந்தார். மேசையில் விரலால் எதையோ தேடினார். நாலு வருடத்தில் அவர் சொல்லுக்குத் தடுமாறி நான் பார்த்தது அன்றுதான்.

"எனக்கு ஒரு முனையும் தெரியாது, ஐயா" என்றார் கடைசியில். "நாங்கள் பங்கர் குழிக்குள்ள இருந்தனாங்கள். மண்தான் தெரிஞ்சது. சத்தம் எந்தப் பக்கத்தால வந்ததெண்டு சொல்லத் தெரியாது. ஆர் அடிச்சது, எந்தப் படை, ஒண்டும் தெரியாது. மாடு கட்டையில நிக்குது, அவிட்டு விட்டிட்டு வாறனெண்டு எங்கட ஐயா ஏறிப் போனார். நான் போறனெண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. பிறகு மாடு தனியத்தான் வந்தது."

மொழிபெயர்த்த பெண் இதைச் சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. கல்நெஞ்சன் என்று நான் முடிவுகட்டிய மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அதிகாரி கால் மணி நேர இடைவேளை கொடுத்தார். திரும்பி வந்ததும் அண்ணையின் கோரிக்கையை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார். வழக்கறிஞர் அம்மா அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒலிப்பதிவுப் பெட்டியை அணைத்துவிட்டு அதிகாரி கேட்டார்: இது பதிவுக்கு அல்ல, உங்கள் நாட்டில் ஒரு போர் நடக்கும்போது ஐம்பது வருடத்துக்கு முந்திய போரை ஏன் இப்படி நாள் தவறாமல் படிக்கிறீர்கள்?

மொழிபெயர்த்த பெண் அதற்குள் தன் பையோடு எழுந்து போய்விட்டார். அண்ணைக்கு வாசிக்கிற ஆங்கிலம்தான் கைவசம், அதனால் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் சொல்லும். அந்தச் சண்டை எண்டைக்கு முடியுதெண்டு எனக்குத் தெரியும். எவ்வளவு மோசமான பக்கத்தை வாசிச்சாலும், இன்னும் இத்தினை பக்கம்தான் எண்டு எண்ணிப் பாக்கலாம். என்ர மனிசியும் பிள்ளையும் இருக்கிற சண்டைக்குக் கடைசிப் பக்கம் ஒருத்தரிட்டையும் இல்லை. அதை நான் எந்தத் துணிவில கேக்கிறது?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி அவருடைய கோப்பை மறுபடி திறந்து, மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். அண்ணை மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். அதிகாரி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இரண்டு தரமும் படுபிழை. அண்ணை ஓம், ஓம், அதுதான் என்று தலையாட்டினார். அவருக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.